உப்பு வண்டியில் ஏறிய கழுதைக்குட்டி

முன்னொரு காலத்தில், உங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கும் கொள்ளுத்தாத்தா பிறக்காத காலத்தில், கொற்றன் என்று ஓர் உப்பு வணிகன் இருந்தான். கடற்கரையில் உப்பை வாங்கி வண்டியில் ஏற்றி, மலை தாண்டி உள்நாட்டில் விற்பது அவன் பிழைப்பு. வீடு, வாசல் எல்லாமே அவனுக்கு அந்த மாட்டுவண்டிதான். நல்லவன்தான், பாவம். ஆனால் பொறுமை மட்டும் மருந்துக்கும் கிடையாது.

அந்த வணிகர் கூட்டத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வழியில் யாரும் அழக்கூடாது. கண்ணீர் விழுந்தால் மூட்டையில் இருக்கும் உப்பு கசிந்துபோகுமாம்! குழந்தை விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டாலும், முதலில் அதன் வாயைத்தான் பொத்துவார்கள். கொற்றனின் மனைவி காய்ச்சல் கண்டு வழியிலேயே இறந்துபோனாள். அவளைப் புதைத்த கையோடு மாட்டைப் பூட்டிவிட்டார்கள். யாரும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அதில் அவர்களுக்குப் பெருமை வேறு.

அன்றைக்கு வாயை மூடியவள்தான் கொற்றனின் மகள் பூங்கணி. பேச்சில்லை, சிரிப்பில்லை, சோறும் இறங்கவில்லை. நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போனாள். போனவளோடு இவளும் போய்விடுவாளோ என்று கொற்றன் பயந்தான். பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லத் தெரிந்தால் தேவலை. அந்த மனுஷனுக்கு எல்லாம் கோபமாகத்தான் வரும்.

முதல் சந்தையில் ஒரு கிளி வாங்கினான். "சிரி, சிரி!" என்று சொல்லப் பழக்கிய கிளி. பூங்கணி பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த சந்தையில் ஒரு குரங்கு வாங்கினான். குட்டிக்கரணம் போடும், சலாம் வைக்கும். பூங்கணி பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தொடாத சோற்றையெல்லாம் தின்று குரங்குதான் கொழுத்தது.

அதற்கும் அடுத்த சந்தையில் ஒரு மயில் வாங்கினான். அது தோகையை விரித்து ஆடியதைப் பார்க்க ஊரே கூடியது. பூங்கணியும் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கொற்றன் தலையில் அடித்துக்கொண்டான். "என் உயிரை வாங்காதே தாயே! ஒரு வாய் தின்னு! இன்னும் என்னத்தைக் கொண்டுவந்து நிறுத்த, யானையையா?"

இப்படியே மலையேறும் இடம் வந்தது. பாதி ஏற்றத்தில், கூட்டத்தோடு மூட்டை சுமந்துவந்த பெண்கழுதை ஒன்று குட்டியை ஈன்றுவிட்டு அங்கேயே செத்து விழுந்தது. குட்டி கத்த ஆரம்பித்தது. அப்பப்பா, என்ன கத்தல்! காதைப் பொத்தினாலும் விடவில்லை.

வானமும் கருத்துக்கொண்டு வந்தது. கூட்டத் தலைவன் அந்துவன் அவசரப்படுத்தினான். "மழைக்கு முன்னால் மலை இறங்கணும். அந்தச் சனியனை விட்டுத்தள்ளு, வண்டியை ஓட்டு!"

அதற்குள் பூங்கணி வண்டியிலிருந்து குதித்தாள். ஓடிப்போய்க் குட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"கிளி வேண்டாம், குரங்கு வேண்டாம், மயில் வேண்டாம், உனக்குக் கழுதையா வேணும்?" என்று கொற்றன் கத்தினான். "அதுவும் நிற்கக்கூடத் தெரியாத கழுதை!" குட்டியின் வாயை இறுக்கிப் பிடித்தான். "வாயை மூடித் தொலையேன்!"

அப்போது பூங்கணி பேசினாள்.

"விடுப்பா! அதுக்கு அம்மா செத்துப்போச்சு. அழட்டும் விடு. எனக்கும்தான் அம்மா செத்துப்போச்சு."

சொன்னவள் ஓவென்று அழுதாள். இத்தனை நாளாக அடக்கி வைத்த அழுகை. குட்டி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்.

கூட்டமே வெலவெலத்துப்போனது. "ஐயோ, உப்பு போச்சு!" என்று அந்துவன் அலறினான். "அவள் வாயைப் பொத்துடா கொற்றா! இல்லாவிட்டால் உன் வண்டி இனிமேல் எங்களோடு வரக்கூடாது!"

கொற்றன் கையை நீட்டினான். மகளின் முகத்தைப் பார்த்தான். அந்தக் கையால் அவள் கண்ணைத் துடைத்தான். பிறகு வண்டியில் ஏறி, ஓர் உப்பு மூட்டையைப் புரட்டிக் கீழே தள்ளினான். அந்த இடத்தில் குட்டியைத் தூக்கி வைத்தான்.

"போங்க, எல்லாரும் போங்க! என் பொண்டாட்டிக்கு நான் இன்னும் அழவே இல்லை!" என்று சொல்லிவிட்டு, வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அவனும் அழுதான்.

மற்ற வண்டிகள் போய்விட்டன. வண்டிக்குப் பின்னால் கட்டியிருந்த ஆட்டைக் கறந்து, பூங்கணி அந்தப் பாலில் துணியை நனைத்துக் குட்டிக்குக் கொடுத்தாள். "நீ தின்னாத்தான் அதுவும் குடிக்கும்" என்று கொற்றன் ஒரு போடு போட்டான். குட்டி ஒரு வாய் குடித்தது, அவள் ஒரு வாய் தின்றாள்.

தனியாக இறங்கியவர்களை வழியில் மழை பிடித்துக்கொண்டது. கொற்றன் மழையைத் திட்டினான், மேகத்தைத் திட்டினான், மலையைத் திட்டினான். திட்டிக்கொண்டே மூட்டைகளின் மேல் பாயை இழுத்து இழுத்துப் போர்த்தினான். ஒரு பக்கம் போர்த்தினால் மறுபக்கம் குட்டி தலையை நுழைத்துக் கொண்டு, ஒழுகும் உப்புத்தண்ணீரை நக்கியது. "ஏ கழுதை!" என்று அவன் கையை ஓங்கியதும், பின்னாலிருந்து கலகலவென்று ஒரு சிரிப்பு கேட்டது.

பாதி உப்பு போயிற்று. கண்ணீர்தான் அதைக் கரைத்தது என்று அந்துவன் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லட்டும், அவன் வாயை யார் மூட முடியும்? கொற்றன் மட்டும் ஓங்கிய கையை அப்படியே வைத்துக்கொண்டு, மழையில் நனைந்தபடி, மகள் சிரித்து முடிக்கும்வரை கேட்டுக்கொண்டு நின்றான்.

ஆகையால், துக்கத்தில் இருப்பவருக்கு வேடிக்கை காட்ட ஓடுவதை விட்டு, முதலில் அவரை அழவிட்டுக் கூட இருக்க வேண்டும்.