குடமில்லாத குடித்தனம்

வாடகை வீட்டில் ஆள் இருப்பது வேறு, இருப்பதாகக் காட்டுவது வேறு. இது தெரியாமல் பணத்தைக் கொட்டி அழிந்தவர்கள் எத்தனையோ பேர்.

தணிகாசலத்தின் காம்பவுண்டில் பத்து வீடுகள். தண்ணீர்க் கஷ்டத்தால் ஏழு வீடுகள் பூட்டிக் கிடந்தன. வாடகை வருமானத்தை நம்பி அந்தக் காம்பவுண்டை விலைக்குக் கேட்டு, ரிட்டயர்மென்ட் பணம் மொத்தத்தோடும் வந்தார் நர்ஸ் ரோஸ்லின். அன்றைக்கு மட்டும் தணிகாசலம் தன் சொந்தக்காரர்களை அழைத்து வந்து காலி வீடுகளில் உட்கார வைத்தார்.

வாசல் பெருக்கும் பூங்காவனம் அங்கேயே ஓர் அறையில் குடியிருந்தாள்.

"வீட்டப் பத்தி ஒரு வார்த்தை பேசினே, உன் சட்டி பானை ரோட்ல கெடக்கும்" என்றார் தணிகாசலம் அவளிடம்.

"சரிங்க மொதலாளி."

ரோஸ்லின் சுற்றிப் பார்த்தார். வாசல்தோறும் செருப்பு, உள்ளே டிவி சத்தம்.

"ஒரு வீடுகூட காலியில்ல சிஸ்டர்."

ரோஸ்லின் அட்வான்ஸ் கொடுக்கப் பையைத் திறந்தார். அந்நேரம் தெருவில் தண்ணி லாரி வந்து நின்றது.

"லாரி வந்தாச்சு, ஓடியாங்க" என்று வழக்கம்போலக் குரல் கொடுத்தாள் பூங்காவனம்.

மூன்று வீட்டுக்காரர்கள் குடத்தோடு ஓடினார்கள். மற்ற ஏழு வீடுகளில் டிவி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ரோஸ்லின் ஒரு வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். "உங்களுக்குத் தண்ணி வேணாமாம்மா?"

அந்தப் பெண் தணிகாசலத்தைத் திரும்பிப் பார்த்தாள். "மாமா, இங்க குடம் எங்க இருக்கு?"

முகம் கறுத்துப் பூங்காவனத்தின் பக்கம் திரும்பினார் தணிகாசலம். "ஏண்டி, என்ன காரியம் பண்ணே?"

"வீட்டப் பத்தி நான் வாயே தொறக்கலியே மொதலாளி. தண்ணி வந்துச்சுன்னுதான் சொன்னேன்."

ரோஸ்லின் பையை மூடினார். "மூணு வீட்டு வாடகைக்கு என்ன வெலை தகுமோ, அதச் சொல்லுங்க. இந்தம்மாவக் காலி பண்ணச் சொன்னா நான் வாங்கல. நாளைக்கு எனக்கு உள்ளதச் சொல்ல இங்க ஒரு ஆள் வேணும்."