அடிவார்

"இந்தக் குதிரை என்னைக் கொல்லப் பார்க்குது, ராவுத்தரே."

சொன்னவர் பூவலிங்கம், பாளையத்துக் குதிரைப் படையில் மூத்த வீரர். விலா எலும்பு விரிசல் விட்டு, நெஞ்சைச் சுற்றித் துணிக்கட்டு. குதிரை பழக்கும் ராவுத்தர் அவரைவிட வயதில் சின்னவர். ஆனாலும் குதிரை என்று வந்துவிட்டால் அங்கே எல்லோருக்கும் அவர்தான் குரு.

"என்ன ஆச்சு?"

"வேகம் எடுத்ததும் சேணம் பக்கவாட்டுல சரியுது. நான் அதோட சேர்ந்து கீழே போயிடறேன். நாளைக்கு அணிவகுப்பு. இன்னொரு தடவை விழுந்தா படையில இடமில்லைன்னு தளபதி சொல்லிட்டார். விழாம உட்காரச் சொல்லிக்கொடுங்க. இல்லைன்னா இந்தச் சனியனைச் சந்தையில தள்ளிவிட்டுடறேன்."

"சேணத்தைக் கட்டுங்க, பார்ப்போம்."

பூவலிங்கம் கட்டினார். குதிரையின் வயிற்றில் முழங்காலை முட்டுக்கொடுத்து, சேணத்தை வயிற்றோடு பிணைக்கும் அடிவாரை ஒரே இழுப்பாக இழுத்து மாட்டினார். குதிரை காதுகளைப் பின்னால் மடக்கிக்கொண்டது.

"இதுக்கு மேல எவனாலும் இறுக்க முடியாது."

ராவுத்தர் சேணத்தைப் பார்க்கவே இல்லை.

"உங்க நெஞ்சுக் கட்டு தளர்ந்திருக்கு. திரும்புங்க."

திரும்பியதுதான் தாமதம், ராவுத்தர் பழைய முடிச்சை அவிழ்த்தார். முதுகில் முழங்காலை ஊன்றி, துணியை வெடுக்கென்று இழுத்துக் கட்டினார். பூவலிங்கத்தால் கத்தக்கூட முடியவில்லை.

"மோர் குடிக்கிறீங்களா?"

பூவலிங்கம் பெருமூச்சு விட்டார். கட்டு நழுவி இடுப்புக்கு வந்தது.

"அவ்வளவு இறுக்கியும் நிக்கலையே?" என்றார் ராவுத்தர்.

"எப்படி நிக்கும்? நீங்க முழங்காலை வச்சதுமே பயத்துல மூச்சை இழுத்து நெஞ்சைப் புடைச்சுக்கிட்டேன். அதுமேல கட்டினீங்க. அப்புறம் மூச்சு விடமாட்டேனா?"

ராவுத்தர் மோர் எடுக்கப் போனார்.

 பூவலிங்கம் குதிரையிடம் போய் அடிவாருக்குள் விரலை விட்டுப் பார்த்தார். முழுக் கையும் உள்ளே போனது.

அவருக்கு வெட்கமாக இருந்தது.

வாரை அவிழ்த்து, மறுபடி மெல்ல எடுத்தார். கை பட்டதுமே குதிரை வயிற்றைப் புடைத்துக்கொண்டது.

ராவுத்தர் மோரோடு வந்தபோது வார் இன்னும் மாட்டப்படவில்லை. பூவலிங்கத்தின் உள்ளங்கை குதிரையின் வயிற்றில் இருந்தது.

"என்ன, ஏறலையா? நாளைக்கு அணிவகுப்புன்னீங்க."

"பொறுங்க. அது இன்னும் மூச்சு விடலை."