பவுனு பாடின பாட்டு

ம் கொட்டணும், சரியா? கொட்டலைன்னா கதை நடு ரோட்டுல மாடு மாதிரி படுத்துக்கும், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தா, பேரு பவுனு. அந்த ஊர்லயும் சுத்துப்பட்டுலயும் ஒரு பொல்லாத வழக்கம். பொண்ணு பாக்க வந்தா பொண்ணு ஒரு பாட்டுப் பாடணும். அதுதான் எல்லா ஊர்லயும் உண்டேங்கிறியா? பொறுடி, முழுசாக் கேளு. அந்த ஊர்ல பாட்டுல என்ன பாடுறாளோ, ஆயுசுக்கும் அதன்படியே இருக்கணும். சபையில பாடிட்டா சத்தியம் பண்ணின மாதிரி. அழுதாலும் மாத்த முடியாது. ஐயய்யோ!

ம்.

அப்போ, பவுனைப் பாக்க பக்கத்து ஊர்லேருந்து வர்றதாச் சேதி வந்துச்சு. உடனே அவ அம்மா ஒரு பாட்டைக் கட்டிக்கிட்டு வந்து நின்னா. "நான் நடந்தா எறும்புக்கும் கேக்காது, இதைப் பாடு." பவுனு நடந்து பாத்தா. தொம்! தொம்! தொம்! அடுக்குப் பானையெல்லாம் கடகடன்னு ஆடுச்சு, பரண்ல இருந்த பூனை பொத்துன்னு அம்மா தலையில விழுந்துச்சு. "அடிப்பாவி, நீ பொண்ணா, நெல்லுக் குத்துற உலக்கையா?"ன்னு அம்மா கத்துனா.

அப்புறம் அவ அத்தை வந்தா. "நான் சிரிச்சா பல்லு தெரியாது, இதைப் பாடு கண்ணு, ரொம்ப அடக்கமா இருக்கும்." பவுனும் உதட்டை இறுக்கி மூடிக்கிட்டு உக்காந்தா. அந்த நேரம் பாத்து, பின்னால கட்டியிருந்த எருமை, அத்தை முதுகுல புர்ர்ர்னு தும்முச்சு. பவுனுக்கு அடக்க முடியல. கெக்கெக்கேன்னு சிரிச்சா பாரு, அடுத்த தெரு ஆளுங்க என்னமோ ஏதோன்னு ஓடி வந்துட்டாங்க.

ம்.

"போகட்டும், உங்கக்கா பாட்டையே பாடிரு. எம்புட்டுப் பேரு மெச்சினாங்க!"ன்னா அம்மா. அக்கா செவந்தி அன்னிக்குத்தான் மாமியார் வீட்டுலேருந்து வந்திருந்தா. கல்யாணத்துக்கு அப்புறம் பவுனு அவளை இப்பத்தான் பாக்குறா. பாத்ததும் பகீர்னுச்சு. கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிய, வளையல் முழங்கை வரைக்கும் ஏறிக் கிடக்கு. சோறு பரிமாறினாங்க. அக்கா உக்காரல. அப்பா தின்னு, அம்மா தின்னு, கோழிக்கும் போட்டு, எல்லாம் முடிஞ்சப்புறம் வெறும் பானையை எடுத்துக்கிட்டு மூலைக்குப் போனா. சரக் சரக்குன்னு சுரண்டினா.

"அக்கா! என்னக்கா இது? பொங்கின சோறு இருக்கையிலயே உக்காந்து தின்னக் கூடாதா?"

"எல்லாரும் தின்ன மிச்சம் என் பங்குன்னு பாடிட்டேன்டி. ராகம் நல்லா இருந்துச்சேன்னு பாடினேன். சபையில பாடிட்டேனே."

பவுனு அக்கா கையில இருந்த பானையைப் பாத்தா. என் பாட்டை நான்தான் கட்டுவேன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டா.

ம் எங்க? ஆங், அப்படி.

அப்புறம் வெள்ளிக்கிழமை சபை கூடுச்சு. மாப்பிள்ளை வீட்டுப் பெரியப்பா ஒவ்வொருத்தரா சொல்லிக்கிட்டு வந்தாரு. "இது மாப்பிள்ளை காத்தமுத்து. இது அவங்கப்பா ராக்கப்பன். இது சித்தப்பா சடையன். அந்தா ஓரமா இருக்கறது காத்தமுத்து அம்மா." அந்த அம்மா முகத்துல ஈ உக்காந்தாக் கூட அசையல. அப்புறம், "பாடும்மா"ன்னாரு. பவுனு எந்திரிச்சா. பவுனோட அம்மா கண்ணாலயே கெஞ்சுறா. இருந்தாலும் பவுனு வாயைத் தொறந்தா.

"தொம்மு தொம்முன்னு நடப்பேன் நான்,
தூணு அதிரச் சிரிப்பேன் நான்,
ஆக்கின சோத்தை ஆறுமுன்னே
அள்ளி அள்ளித் தின்பேன் நான்,
கோவம் வந்தாக் கத்துவேன்,
கொஞ்ச நேரத்துல மறந்துருவேன்,
கேக்க நெனச்சதைக் கேட்டுருவேன்,
கேட்டாத்தான் தூங்குவேன்."

டமார்! பெரியப்பா கையில இருந்த வெத்தலைத் தட்டு விழுந்துச்சு. சித்தப்பாவுக்குப் பொறையேறி லொக் லொக்குன்னு இருமுறாரு. அத்தை "அடி ஆத்தீ!"ன்னு மயக்கம் போட்டா, யாரும் தாங்கிப் பிடிக்காததால ஒரு கண்ணைத் திறந்து பாத்துட்டு மறுபடி மயங்குனா. பவுனோட அம்மா தலையில கையை வெச்சுக்கிட்டா. பெத்த பொண்ணு குடும்ப மானத்தைக் கப்பலேத்திட்டாளேன்னு அவளுக்கு. "எந்திரிங்கடா, போலாம்!"னு பெரியப்பா துண்டை உதறினாரு.

"இருங்க"ன்னா பவுனு. "கேக்க நெனச்சதைக் கேப்பேன்னு பாடிட்டேன், கேட்டுத்தான் ஆகணும்." நேரா அந்த ஓரமா இருந்த அம்மா கிட்ட போனா, தொம் தொம்னுதான் போனா. "அத்தை, எல்லார் பேரும் சொன்னாங்க. உங்க பேரு என்ன?"

"அவளுக்குப் பேச வராதும்மா"ன்னாரு ராக்கப்பன். "எங்கம்மா ஊமை"ன்னான் காத்தமுத்து.

அந்த அம்மா உதடு நடுங்குச்சு. தொண்டையில கர்ர்... கர்ர்னு, துருப்பிடிச்ச கிணத்து ராட்டினமாட்டம் ஒரு சத்தம். அப்புறம்,

"பூங்காவனம்"னா.

ஐயோ, சபையே ஆடிப்போச்சு! ராக்கப்பன் வாய் தொறந்தது தொறந்தபடி நிக்குது. காத்தமுத்து பாஞ்சு வந்து அம்மா காலடியில விழுந்தான். "அம்மா! உனக்குப் பேச வருமா? ஏம்மா இத்தனை நாளாப் பேசல?"

"கேட்டாத்தான் வாய் தொறப்பேன்னு பாடினேன்டா, என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ. அந்தப் பாட்டை உங்கப்பாவே மறந்துட்டாரு. சோறு போடுன்னீங்க, தண்ணி கொண்டான்னீங்க. ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலையே."

அவ அதைக் கோவமாக் கூடச் சொல்லல. அதான் பவுனுக்குத் தாங்க முடியல, ஓன்னு அழுதுட்டா. பவுனோட அம்மாவும் அழுதா. காத்தமுத்து அம்மா மடியில முகத்தைப் புதைச்சுக்கிட்டு விக்கி விக்கி அழுதான். கொஞ்சம் தேறினப்புறம் தலையைத் தூக்கி, பயந்து பயந்து, பொறந்ததிலேருந்து முதல் தடவையா அம்மாகிட்ட ஒரு சம்மதம் கேட்டான்.

"அம்மா, இந்தப் பொண்ணைக் கட்டிக்கட்டுமா?"

பூங்காவனம் அவன் தலையில நறுக்குன்னு ஒரு குட்டு வெச்சா.

"அதை ஏன்டா என்கிட்ட கேக்குற? அவளைக் கேளு."

அவ்வளவுதான். கதை காலை நீட்டிருச்சு, நீயும் நீட்டிப் படு. தூங்கு, என் கண்ணு.