ஓ ரத்தப் பெட்டி

கிட்ட வந்து உட்காருங்க. ஒரு ரத்த வங்கிக்குப் புரோகிராம் எழுதினாள் செல்லத்தாயி, வேலைக்குப் புதுசு. எந்தப் பெட்டியில் எந்த வகை ரத்தப் பையைப் பதியலாம் என்று பார்க்கும் புரோகிராம் அது.

மேலாளர் தாண்டவமூர்த்தி கேட்டார்: "ஓ வகையும் ரத்தந்தானே? அப்போ ஓ ரத்தப் பெட்டியை, வகை சொல்லாம, வெறும் ரத்தப் பெட்டின்னு கொடுத்தா உன் புரோகிராம் ஏன் தடுக்குது? தடையை எடு, இல்லேன்னா நாளைக்கு வராதே."

எடுத்தாள். அவர் பார்க்கவே, சோதனைக்குப் பி வகைப் பை ஒன்றை அந்தப் பெட்டியில் பதிந்தாள். வெறும் ரத்தப் பெட்டிதானே என்று ஓ பெட்டி அதைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டது.

"சார், உங்களுக்கு என்ன வகை?"

"ஓ. பி ஏறினா உயிர் போயிரும்."

செல்லத்தாயி ஒரு தாளை நீட்டினாள். 'அவசரமென்றால் இந்த ஓ பெட்டியிலிருந்தே எனக்கு ரத்தம் ஏற்றுங்கள்' என்று எழுதியிருந்தது.

"கையெழுத்து மட்டும் போடுங்க சார்."

அவர் கை நீளவில்லை. அவள் பேனாவை மூடிவிட்டு, எடுத்த தடையைத் திரும்ப எழுதினாள்.