தக்காளித் தண்ணீர்

“அம்மா, எனக்கு எப்போ காவி கிடைக்கும்?”

கேட்டவர் தில்லைநாயகம். வயது ஐம்பத்தொன்பது. பதில் சொல்ல வேண்டியவர் சாம்பவி அம்மா. அவர் தில்லைநாயகத்தைவிட ரொம்ப இளையவர். அந்த மலை ஆசிரமத்தில் வயதைப் பார்த்து யாரும் யாருக்கும் குருவாவதில்லை.

அம்மா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

“தக்காளி பை செஞ்சு போடுங்க. பார்க்கலாம்.”

தில்லைநாயகத்துக்கு முகம் தொங்கிப்போனது. ஏதாவது தத்துவக் கேள்வி வரும் என்று நாலைந்து பதில்களைத் தயாராக வைத்திருந்தார். அத்தனையும் வீண்.

ஆசிரமம் இருந்த கட்டடம் ஒரு காலத்தில் காப்பித் தோட்டத்துத் துரையின் பங்களா. துரை போய்விட்டார். அவர் கட்டிய செங்கல் அடுப்பு மட்டும் அசையாமல் இருந்தது. கோடையில் அடிவாரத்தில் தக்காளி விலை விழும். பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை என்று விவசாயிகள் கூடை கூடையாக மேலே அனுப்பிவிடுவார்கள். அதில் செய்வதுதான் தக்காளி பை. மலைக் கடைகளில் ஆப்பிள் பை விற்கிறார்களே, அந்த ரகம். ஆனால் இனிப்புக் கிடையாது. மைதாவும் வெண்ணெயும் பிசைந்து தட்டில் ஓடு போலப் பரப்பி, தக்காளி, வெங்காயம், மிளகு, மேலே சீஸ் என்று அடுக்கிச் சுட வேண்டும்.

காவி கேட்கிறவர் அமாவாசைப் பந்திக்கு இதைச் செய்ய வேண்டும். அம்மா ஒரு துண்டு சாப்பிடுவார். இன்னொரு துண்டு கேட்டால் காவி. கேட்காமல் கை கழுவிவிட்டால், அடுத்த அமாவாசை. இதற்கு மேல் அப்பீல் கிடையாது.

சித்திரை அமாவாசைக்குத் தில்லைநாயகம் அடுப்பு மூட்டினார்.

தக்காளியைத் தாராளமாக நறுக்கினார். பச்சை மாவு ஓட்டில் கொட்டினார். சீஸைத் தூவினார். அடுப்பிலிருந்து எடுத்தபோது மேலே பொன்னிறமாக, பார்க்கவே லட்சணமாக இருந்தது.

கத்தியை வைத்ததும் குட்டு உடைந்தது. தண்ணீர் நாலா பக்கமும் ஓடியது. அடியில் இருந்த ஓடு, மழையில் நனைந்த செய்தித்தாள் மாதிரிக் கிடந்தது.

அம்மா ஒரு கரண்டி வாங்கிக்கொண்டார்.

“எப்படிம்மா இருக்கு?”

“குடிக்க நல்லாத்தான் இருக்கு.”

கை கழுவிக்கொண்டார்.

அன்று தில்லைநாயகத்தின் தங்கை வடிவும் வந்திருந்தாள். அமாவாசைக்கு அமாவாசை வருவாள். மனைவி இறந்த பிறகு தில்லைநாயகம் இந்தத் தங்கை வீட்டில்தான் இருந்தார். அவருக்குப் பிள்ளை குட்டி கிடையாது. ஒருநாள் காலையில் துணிப்பையை எடுத்துக்கொண்டு மலையேறிவிட்டார். அன்றிலிருந்து அவளும் பஸ் பிடித்து ஏறி வந்து பார்த்துவிட்டுப் போகிறாள்.

வந்ததும் அவள் அழுவாள். அவளைப் பார்த்து இவரும் அழுவார். அவள் போன பிறகு பத்து நாளைக்குத் தியானத்தில் உட்கார்ந்தால் அவள் வீட்டுக் கொல்லைப்புறம்தான் கண்ணில் நிற்கும்.

“அம்மா, தங்கச்சி வந்துட்டுப் போனா மனசு சொதசொதன்னு ஆயிடுது. நிக்கவே மாட்டேங்குது. இதுக்கு என்ன வழி?”

“தக்காளியே இன்னும் நிக்கலை. அதுக்கு முதல்ல வழி பாருங்க.”

அவர் பார்த்தார். கை வேலையில் கெட்டிக்காரர்தான். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர்.

வெறும் ஓட்டை முதலில் தனியாகச் சுட்டு எடுத்தார். அது மொறுமொறுவென்று வந்தது. தக்காளியை வட்ட வட்டமாக நறுக்கி, உப்புத் தூவி, வடிதட்டில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் அடியில் இருந்த சட்டியில் சொட்டுச் சொட்டாக விழ ஆரம்பித்தது. மதியத்துக்குள் சட்டி பாதி நிறைந்துவிட்டது. தக்காளிக்குள் இவ்வளவு தண்ணீரா என்று அவருக்கு ஆச்சரியம்.

சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கத்து வாழைக்கு ஊற்றினார்.

அன்றைக்கே வாசலுக்கும் போனார். வாசலைக் கவனித்துக்கொண்ட செல்லக்கண்ணுவிடம் சொன்னார்.

“இனிமே என் தங்கச்சி வந்தா, நான் யாரையும் பார்க்கிறதில்லைன்னு சொல்லிடுங்க.”

“அந்தம்மா அவ்வளவு தூரத்திலிருந்து வர்றாங்களேய்யா.”

“சொல்லிடுங்க.”

வேலையில் இருந்த காலத்தில் கட்டணம் கட்டாத எத்தனையோ வீடுகளில் ஃபியூஸைப் பிடுங்கியவர். பிடுங்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும் என்பது அவருக்குப் பழக்கம்.

வைகாசி அமாவாசைக்கு வடிவு வந்தாள். செல்லக்கண்ணு சொன்னதைக் கேட்டாள். கேட்டுவிட்டுப் பலா மரத்தடியில் உட்கார்ந்தாள். பஸ் நேரம் வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனாள். தில்லைநாயகம் அதைச் சமையற்கட்டு ஜன்னலிலிருந்து பார்த்தார். போகட்டும், எல்லாம் பயிற்சிதான் என்று மாவைப் பிசைந்தார்.

அன்றைய பை கம்பீரமாக இருந்தது. துண்டைக் கையில் எடுத்தால் வளையவில்லை. ஒரு சொட்டு ஒழுகவில்லை. பந்தியில் எல்லோரும் “ஆகா” என்றார்கள்.

அம்மா ஒரு துண்டை மென்றார். ரொம்ப நேரம் மென்றார்.

“நல்லா உறுதியா நிக்குதே.”

“ஆமாம்மா!”

“தக்காளி எங்கே?”

“உள்ளேதாம்மா இருக்கு. அடுக்கடுக்கா வெச்சிருக்கேன்.”

“நீங்க ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க.”

சாப்பிட்டார். உப்பு இருந்தது. சீஸ் இருந்தது. மிளகு இருந்தது. சிவப்பாகத் தோல் மாதிரி என்னவோ பல்லில் மாட்டியது.

அம்மா கை கழுவப் போய்விட்டார்.

தில்லைநாயகத்துக்கு அவமானமாக இருந்தது. தக்காளியின் மேல் பழியைப் போட்டார். அடுத்த தடவை நாட்டுத் தக்காளியாகப் பொறுக்கினார். இன்னும் கொஞ்சம் உப்புப் போட்டார். துணியில் கட்டி மேலே அம்மிக்குழவியை ஏற்றிப் பிழிந்தார். பழகிப் பழகிப் பார்த்தார். பை நின்றது. தக்காளி மட்டும் வரவில்லை.

தியானமும் அப்படித்தான் ஆயிற்று. இப்போதெல்லாம் கொல்லைப்புறம் வருவதில்லை. தங்கை முகம் வருவதில்லை. வேறு எதுவும் வருவதில்லை. இதுதான் பக்குவம் என்று நினைத்துக்கொண்டார். நினைத்தாலும் அதில் சந்தோஷம் ஏனோ இல்லை.

ஆனி அமாவாசை. மேகம் இறங்க ஆரம்பித்துவிட்டது. இதோடு தக்காளிக் காலம் முடிந்தது. இன்று தவறினால் காவிக்கு அடுத்த கோடைதான்.

காலையிலேயே செல்லக்கண்ணு சமையற்கட்டுக்கு ஓடி வந்தார்.

“ஐயா, உங்க தங்கச்சி வந்திருக்காங்க.”

“நான்தான் சொல்லியிருக்கேனே.”

“நாளைக்கு மகனோட நாக்பூருக்குப் போறாங்களாம். அங்கேயே இருக்கப் போறாங்களாம். இனிமே இவ்வளவு தூரம் வர முடியாது, ஒரு தடவை முகத்தைப் பார்த்துட்டுப் போயிடுறேங்கிறாங்க. ரெண்டு மணி பஸ்ஸுக்கு இறங்கணுமாம்.”

தில்லைநாயகத்தின் கை நின்றது.

“இல்லைன்னு சொல்லுங்க.”

“என்னங்கய்யா நீங்க!”

“சொல்லுங்க செல்லக்கண்ணு. இன்னிக்குப் போய் என்னைக் கலைக்காதீங்க.”

செல்லக்கண்ணு முணுமுணுத்துக்கொண்டே போனார்.

வடிதட்டுக்கு அடியில் சட்டி நிறைந்திருந்தது. தில்லைநாயகம் அதைத் தூக்கினார். வாசற்படியில் சாம்பவி அம்மா நின்றிருந்தார்.

“எங்கே கொண்டுபோறீங்க?”

“வாழைக்கு ஊத்தம்மா.”

“எந்த வாழைக்கு?”

“பின்னாடி இருக்கே, அதுக்குத்தான்.”

“இருக்கா?”

தில்லைநாயகம் எட்டிப் பார்த்தார். தினமும் அங்கே போய்க்கொண்டுதான் இருந்தார். இன்றுதான் பார்த்தார். வாழை இலையெல்லாம் கருகி, தண்டு சாய்ந்து, உயிர் போய்க் கிடந்தது. உப்புத் தண்ணீர் ஊற்றினால் எந்த வாழை பிழைக்கும்?

“அம்மா... நான் கவனிக்கலையே.”

அம்மா ஒரு தம்ளரை எடுத்தார். சட்டியில் முக்கினார். நின்றபடியே ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடித் திறந்தார். தம்ளரை அவரிடம் நீட்டினார்.

தில்லைநாயகம் தயங்கித் தயங்கி வாயில் விட்டார்.

புளிப்பு. இனிப்பு. வெயிலில் நின்ற செடியின் வாசனை. உப்புக் கரித்தது. அதையும் தாண்டித் தக்காளி, முழுத் தக்காளி, நாக்கிலிருந்து தொண்டை வரைக்கும் இறங்கியது. சின்ன வயதில் வடிவும் அவரும் தோட்டத்தில் பறித்துச் சட்டையில் துடைத்துக் கடிப்பார்களே, அதே தக்காளி.

தம்ளரை இறக்கினார்.

“எல்லாம் இங்கேதான் இருக்கும்மா.”

அம்மா தம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

“ஆனா இதைத் திரும்ப ஊத்தினா ஓடு நனைஞ்சு போயிடுமே?”

“அப்படியே ஊத்தினா நனையும்.”

சொல்லிவிட்டு விறகு அடுப்பைப் பார்த்தார். பிறகு மாடு கட்டப் போய்விட்டார்.

தில்லைநாயகம் சட்டியை அடுப்பில் ஏற்றினார். மிளகைத் தட்டிப் போட்டார். தண்ணீர் கொதித்தது, நுரைத்தது, அடங்கியது. சட்டி நிறைய இருந்தது சுண்டிச் சுண்டி, கடைசியில் கரண்டியில் ஒட்டிக்கொள்கிற சிவப்புக் குழம்பாக நின்றது. உப்பு அதில் போதும் போதும் என்று இருந்தது. வேறு எதிலும் அவர் உப்புப் போடவில்லை. வடிந்த தக்காளியைக்கூட ஒருமுறை அலசிக்கொண்டார். சுட்ட ஓட்டின் அடியில் அந்தக் குழம்பைத் தடவினார். மேலே தக்காளி, வெங்காயம், சீஸ். அடுப்புக்குள் தள்ளினார்.

இத்தனை நேரமும் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் பலா மரம் தெரியும்.

பந்தி போட்டார்கள். அம்மாவின் இலையில் தில்லைநாயகம் தானே ஒரு துண்டு வைத்தார். துண்டு நின்றது. அம்மா கடித்தார். மென்றார். விழுங்கினார்.

பந்தி முழுக்க அவர் வாயையே பார்த்தது.

“இன்னொரு துண்டு.”

தில்லைநாயகத்துக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. இரண்டு வருஷம் கூட்டிப் பெருக்கியதும், குளிரில் எழுந்ததும், எல்லாம் இந்த இரண்டு வார்த்தைக்குத்தான். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய அடுத்த பையை அவசரமாக வெட்டி, ஆவி பறக்கும் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார்.

அம்மா அதை இலையில் வாங்கவில்லை. எழுந்து உள்ளே போனார். வரும்போது கையில் காவித் துணி இருந்தது. புதுத் துணி. மடிப்புக்கூடக் கலையவில்லை.

தில்லைநாயகம் குனிந்து இரண்டு கைகளையும் நீட்டினார்.

அம்மா துணியை உதறிப் பிரித்தார். துண்டை அதன் நடுவில் வைத்தார். நாலு முனையையும் சேர்த்துப் பிடித்து அவர் கையில் கொடுத்தார்.

“சூடா இருக்கு. துணியோட எடுத்துட்டுப் போங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

தில்லைநாயகம் காவியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு பலா மரத்தடியைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

ஓடினார்.

ஐம்பத்தொன்பது வயதில் மலைப்பாதையில் ஓடுவது சாமானியம் இல்லை. செருப்பு ஒன்று வழியிலேயே கழன்றது. எடுக்க நிற்கவில்லை. துணிக்குள்ளிருந்து சூடு உள்ளங்கையில் ஏறிக்கொண்டே இருந்தது. கீழே வளைவில் பஸ் ஹார்ன் அடித்தது.

“வடிவு!”

அவள் படியில் ஒரு காலை வைத்திருந்தாள். திரும்பினாள்.

“ஏ வடிவு! இரும்மா!”

காலை இறக்கிக்கொண்டாள். கண்டக்டர், “ஏறுறீங்களா இல்லையாம்மா?” என்றார். ஓடி வருகிற மனுஷனைப் பார்த்துவிட்டு அவரே டிரைவரைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

தில்லைநாயகம் எதிரே வந்து மூச்சு வாங்க நின்றார். அவள் அழுதாள். அவரும் அழுதார். மறைக்கவில்லை.

அவள்தான் முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் கையில் இருந்ததைப் பார்த்தாள். திகைத்துப்போனாள்.

“அண்ணே, காவி குடுத்துட்டாங்களா?”

“சுடுதும்மா,” என்றார் தில்லைநாயகம். “துணியோட பிடி.”