தொண்ணூற்று நான்காம் இடம்

இணையத்தில் ஒரு பக்கம் இருந்தது. மிஷினில் விரல் இழந்தவர்கள் நஷ்டஈடு வாங்கும் வழியெல்லாம் அதற்குத் தெரியும். பட்டறைத் தொழிலாளர் சங்கம் எழுதிய பக்கம். நெற்றியில் 'உழைப்பாளர் உதிரம் உரக்கப் பேசும்!' என்று தலைப்பு. தேடுபொறி நிறுத்திய வரிசையில் தொண்ணூற்று நான்காம் இடம்.

முதலிடத்தில் முதலாளிகளின் பக்கம் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. "ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒன்றும் கிடையாது" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னது.

"அது பொய். என்னை முன்னால் விடு" என்றது சங்கத்துப் பக்கம்.

"உன்னைத் தேடி யாருமே வரவில்லையே" என்றது தேடுபொறி.

"முன்னால் விட்டால்தானே வருவார்கள்!"

"வந்தால்தானே முன்னால் விட முடியும்!"

பக்கம் தலையில் அடித்துக்கொண்டது.

ஒருநாள் ரெஜினா என்ற ஒப்பந்தத் தொழிலாளி இடது கையால் போனில் தட்டிய கேள்வி வந்தது: 'மிஷின்ல விரல் போச்சு, நஷ்டஈடு கிடைக்குமா?'

"இங்கே வா!" என்று பின்னாலிருந்து கத்தியது பக்கம்.

கேள்வி அதன் நெற்றியைப் பார்த்தது. "ஏதோ பொதுக்கூட்டம் போலிருக்கு. எனக்கு விரல் போச்சுண்ணே, கூட்டத்துக்கு வர நேரமில்ல." முதலிடத்திடம் போய்விட்டது.

பக்கங்களைப் படித்துப்போகத் தேடுபொறி அனுப்பும் சிலந்தி அதைப் பார்த்தது. "ஆறு மாதமாக வருகிறேன், ஓர் எழுத்து மாறவில்லை. நீ பக்கமா, கல்வெட்டா?"

"கொள்கையை மாற்றச் சொல்கிறாயா?"

"தலைப்பை மாற்று. அவள் கேட்ட மாதிரியே வை."

"முப்பது வருடம் மேடையில் முழங்கிய வரி அது!"

"வந்த கேள்வி நிற்கவில்லையே."

பக்கம் பல்லைக் கடித்துக்கொண்டு தலைப்பைக் கழற்றியது. 'மிஷினில் விரல் போனால் நஷ்டஈடு கிடைக்குமா?' என்று மாட்டிக்கொண்டது. மறுநாள் பார்த்தால் தொண்ணூற்று மூன்று.

"ஒரே ஒரு இடமா?"

"நீயும் ஒரே ஒரு வரிதானே மாற்றினாய்?" என்றது சிலந்தி.

அதன்பின் பக்கம் வாரம் ஒரு கேள்விக்குப் பதில் எழுதியது. எழுபது. ஐம்பத்திரண்டு. காரணமே சொல்லாமல் மறுபடி அறுபது. அன்று தேடுபொறியின் ஏழு தலைமுறையையும் திட்டியது. திட்டிக்கொண்டே எழுதியது. ஒன்பதாம் மாதம் ஐந்தாம் இடம்.

ரெஜினாவின் கேள்வி மறுபடி வந்தது. இம்முறை நேராக அதனிடமே நின்றது. "ஒண்ணும் கிடையாதுன்னு நம்பி, கம்பெனி நீட்டுன தாள்ல கையெழுத்துப் போட்டுட்டேன். இனிமே கேஸ் போட முடியுமாண்ணே?"

பக்கம் தன்னை மேலிருந்து கீழ்வரை துழாவியது. அதற்கு மட்டும் பதில் எழுதியிருக்கவில்லை.

"அஞ்சாம் இடம் வந்தும் ஊமைதானா, தோழரே?" என்று முதலிடம் சிரித்தது.

"போய்விடாதேம்மா" என்று கேள்வியை நிறுத்தி வைத்துவிட்டு, பக்கம் சங்கத்து வக்கீலைக் கூப்பிட்டது. அவர் சொல்லச் சொல்ல எழுதியது.

முதல் சொல்: "முடியும்."