நனைவது குறித்த உலக மாநாடு

ஒரு வருஷம் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த நேரத்தில், உலகத்துக் குடைகள் எல்லாம் ஒரு மலை ஊரில் மாநாடு கூட்டின. 'மக்கள் ஏன் நனைகிறார்கள்?' என்பது தலைப்பு. நனைகிறவர்களைக் கேட்டிருந்தால் அரை நிமிஷத்தில் சொல்லியிருப்பார்கள். ஆனால் அப்படிக் கேட்டு முடித்துவிட்டால் அது மாநாடு ஆகாதே!

மண்டபத்துக்கு நல்ல கூரை. தரையெல்லாம் கம்பளம். குளிருக்கு ஓரத்தில் கணப்பு. வந்திருந்த குடைகளில் ஒன்றுகூட மழையைப் பார்த்ததில்லை. உறைக்குள்ளேயே வளர்ந்து, காரிலிருந்து வாசலுக்கும் வாசலிலிருந்து காருக்கும் போய்வந்து பெரியவர்களான குடைகள் அவை.

நனைகிறவர்கள் சார்பில் யாராவது ஒருவர் இருந்தால் பார்க்க நன்றாயிருக்கும் என்று கடைசி நேரத்தில் யாருக்கோ தோன்றியது. உடனே மலையடிவாரத்தில் இருந்த ஒரு சாக்குப்பைக்கு அழைப்பு போயிற்று.

அந்தச் சாக்கு பூவாயியினுடையது. பூவாயி அந்த மலைச்சாலைக்கு ஜல்லி உடைப்பவள். மழை வந்தால் சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் செருகித் தலையில் கவிழ்த்துக்கொண்டு வேலையைத் தொடர்வாள். அன்றைக்கு அவள் கைக்குழந்தைக்கு அனலாய்க் காய்ச்சல். ஆஸ்பத்திரியோ ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம். கிழிந்த சாக்கை நம்பிக் குழந்தையோடு அந்த மழையில் இறங்க அவளுக்குத் துணிவு வரவில்லை. பஸ் நிற்கும் கொட்டகையில் ஒதுங்கி நின்றாள்.

"அதான் கூப்புடறாங்களே, போயிட்டு வா. அத்தினி குடை வந்திருக்குதாம். ஒண்ணே ஒண்ணைக் கையோட கூட்டியாந்துடு. புள்ளைய மூடித் தூக்கிட்டு ஓடிடுவேன்" என்றாள்.

"அவ்வளவுதானே, இதோ வந்துட்டேன்" என்று சாக்கு மலையேறிற்று.

வாசலிலேயே ஒரு மடக்குக் குடை மறித்தது. "நில், நில்! உன் மேலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. கம்பளம் பாழாகிவிடும். கணப்புப் பக்கம் போய் நன்றாகக் காய்ந்துவிட்டு வா."

சாக்கு காய்ந்துகொண்டே பேச்சுகளைக் காதில் வாங்கியது.

கைப்பிடியில் வெள்ளிப்பூண் போட்ட கறுப்புக் குடைதான் தலைவர். "நனைதல் என்பது ஓர் உலகப் பிரச்சினை!" என்று அது முழங்கியது. இப்படி ஒரு கண்டுபிடிப்பை யாரும் எதிர்பார்க்கவில்லை. குடைகள் படபடவென்று விரிந்து மூடிக் கைதட்டின.

பொத்தானை அமுக்கினால் விரியும் குடை எழுந்தது. "நாங்கள் கணக்கெடுத்துவிட்டோம். கூரைக்குள் இருப்பவர்களையும் வெளியே நிற்பவர்களையும் சேர்த்துச் சராசரி பார்த்தால், உலகத்தில் யாருமே இடுப்புக்கு மேல் நனையவில்லை."

திருவிழாவுக்கு மட்டும் விரியும் உள்ளூர்ச் சரிகைக் குடை கண்ணை மூடிக்கொண்டு சொன்னது: "போன பிறவியில் இவர்கள் யாரையோ நனைத்திருப்பார்கள். இந்தப் பிறவியில் நனைகிறார்கள். நடுவில் புகுந்து நாம் கெடுக்கலாமா?"

"எனக்கு அந்தச் சொல்லே வலிக்கிறது" என்று பட்டுக்குடை நெஞ்சில் கைவைத்தது. "நனைகிறவர்களாம்! எவ்வளவு கேவலமாக இருக்கிறது! இனிமேல் அவர்களை 'உலர்ந்துவரும் மக்கள்' என்று அழைப்போம்."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மழை அதைக் கேள்விப்படாமல் பெய்துகொண்டிருந்தது.

சாக்குக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, பேரை அப்புறம் வைங்க. கீழே ஒரு கைப்புள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்குது. உங்கள்ல ஒரே ஒருத்தர் என்கூட வந்தாப் போதும்."

"திருவாளர் சாக்கு அவர்களே" என்று தலைவர் கனிவாகச் சிரித்தது. "ஒருவருக்கு மட்டும் உதவுவது வெறும் தான தர்மம். நாம் இங்கே அடிப்படைக் காரணத்தைத் தேடுகிறோம்."

"அதை ஏங்க தேடணும்? உங்க கைப்பிடியைப் பாருங்க. எங்க மலை மூங்கில்தானே அது? பூவாயி கூரையில கழியா இருந்ததை உருவிட்டு வந்துதானே..."

"பழைய கதை பேச இது இடமல்ல" என்றது தலைவர். பிறகு கைப்பிடியை மெல்ல மேஜைக்கு அடியில் நகர்த்திக்கொண்டது.

அடுத்து புகைப்படம். எல்லாரும் சாக்கைச் சுற்றி நின்றார்கள். பட்டுக்குடைதான் குறையைக் கண்டுபிடித்தது. "ஐயோ, இவர் நனைந்தவர் மாதிரியே இல்லையே! காய்ந்துபோய் நிற்கிறாரே!"

பதறிப்போய் ஒரு குடை மேஜையிலிருந்த தண்ணீர் ஜாடியை எடுத்துச் சாக்கின் தலையில் கவிழ்த்தது. "இப்போது சரி" என்றன எல்லாக் குடைகளும். சாக்குக்கு அவமானத்தில் அழுகை வந்தது. ஏற்கெனவே ஈரமாக இருந்ததால் அது யாருக்கும் தெரியவில்லை. படம் மிக உருக்கமாக வந்திருப்பதாகப் பேசிக்கொண்டார்கள்.

மாநாடு முடிந்து கதவைத் திறந்தால், வெளியே மழை சாட்டையாய் அடித்தது. கார்கள் கொஞ்சம் தள்ளி நின்றன. படியில் கால் வைக்க எந்தக் குடைக்கும் தைரியம் இல்லை. ஒன்றையொன்று இடித்துக்கொண்டு பின்வாங்கின.

தலைவர் சாக்கின் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தியது. "நீங்கள் அனுபவசாலி. எங்களைக் கார் வரைக்கும் மூடிக் கொண்டுபோய் விட முடியுமா? ஒவ்வொருவராக, அவசரமில்லாமல்."

"தூ!" என்றது சாக்கு. சறுக்கியும் உருண்டும் மலையிறங்கி ஓடிற்று.

கொட்டகையில் பூவாயி இல்லை. பார்த்துப் பார்த்துச் சலித்துக் கிளம்பிவிட்டிருந்தாள். பாலத்தின் நடுவில்தான் சாக்கு அவளைப் பிடித்தது. குழந்தையை முந்தானைக்குள் சுருட்டி, மழையை முதுகில் வாங்கிக்கொண்டு குனிந்தபடியே போய்க்கொண்டிருந்தாள். குழந்தையின் முனகல்கூட இப்போது மெலிந்திருந்தது. சாக்கு பாய்ந்து குழந்தையின் மேல் விழுந்து மூடிக்கொண்டது.

பூவாயி நடையை நிறுத்தாமல் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பின்னால் சாலை வெறிச்சென்று கிடந்தது.

"அத்தினி குடையில ஒண்ணுகூடவா வரல?"

"வரல பூவாயி" என்றது சாக்கு. "வெளியே மழை பெய்யுதாம்."